டப்பா இல்லாமல் எட்டு

அந்த ஆள் என்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கக் கூடாது, தம்பி. நான் சொல்வது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. மாடிப்படி இறங்கிவிட்டேன், செருப்பை மாட்டிவிட்டேன், தெருவில் நடக்கவும் தொடங்கிவிட்டேன். "அக்கா, வாங்கக்கா, எடுத்துட்டுப் போங்க" என்று மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கூப்பிட்டது யார்? நானா? அவன். கூப்பிட்டதையும் கூப்பிட்டுவிட்டு, போன் போட்டால் "அதுக்கெல்லாம் கேரண்டி கிடையாதுக்கா" என்கிறான். மறுபடி போட்டால் எடுக்கவே மாட்டேன் என்கிறான். அதனால்தான் நேரிலேயே கிளம்பிவிட்டேன். எடுக்காமல் இருக்க நான் போன் இல்லை பாருங்கள், ஆள்.

காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள். அந்தப் பையில் பட்டுவிடும். இல்லை இல்லை, கண்ணாடிச் சாமான் இல்லை. அரிசி டப்பா. அரிசிக்குள் கம்ப்யூட்டர் இருக்கிறது. சிரிக்காதீர்கள். உங்கள் மடியில் இருக்கிறதே, அந்த மாதிரி மடக்குகிற ரகம் இல்லை. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஒரு பச்சைத் தகடு, அதன் மேல் கருப்புக் கருப்பாகச் சதுரங்கள், ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி முள் வரிசை. ஒரு டிவியையும் ஒரு கீபோர்டையும் அதில் மாட்டிவிட்டால் முழுக் கம்ப்யூட்டர் ஆகிவிடும். விலையும் கம்மி. பிள்ளைகள் தாங்களே புரோகிராம் எழுதிப் பழகத்தான் அப்படிச் செய்கிறார்களாம். நனைந்த செல்போனை அரிசியில் புதைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்பார்களே, அதனால் புதைத்தேன். நல்ல பொன்னி அரிசி. பிழைக்கவில்லை. கொட்டிவிட்டு எடுத்து வர மனசு வரவில்லை, அப்படியே தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன்.

உங்கள் கம்ப்யூட்டருக்கு உறை இருக்கிறதே, அது சேர்த்தே கொடுத்தார்களா, தனியாக வாங்கினீர்களா? தனியாகவா. ம்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாரோ வம்புக்காரி என்று நினைத்துக்கொள்வீர்கள். வம்புக்காரிதான். பெயர் பஞ்சவர்ணம். திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் எங்கள் ஊர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பிளாஸ்டிக் சாமான் கடை. குடம், வாளி, முறம், டப்பா, நாற்காலி வரைக்கும். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபோது கைப்பிள்ளையோடு நின்றேன். பழைய துணிக்குக் குடம் என்று தலையில் சுமந்து தெருத் தெருவாகக் கூவினேன். ஒரு பட்டுப்புடவையின் சரிகை போலியா நிஜமா என்று விரல் நுனியில் தெரியாவிட்டால் அன்றைக்கு ராத்திரிச் சோறு இல்லை. படிப்பு என்று பார்த்தால் ஐந்தாவது. ஆனால் என்னிடம் பேரம் பேசி ஜெயித்தவன் எங்கள் ஊரில் பிறக்கவில்லை. திண்டுக்கல் மொத்தக் கடைக்காரர்கள் நான் வருவதைப் பார்த்தால் டீ சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். பையன்களைப் பேசச் சொல்லிவிட்டு.

அதனால்தான் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் என்னை மேலாண்மைக் குழுத் தலைவியாக்கினார்கள். பெற்றோரில் ஒரு அம்மாதான் தலைவியாக இருக்க வேண்டும் என்பது சட்டம். மற்ற அம்மாக்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வந்துவிட்டுப் போனார்கள். நான் உட்கார்ந்துகொண்டேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் ரெஜினா டீச்சர். கணக்கு டீச்சர். மெல்லிய குரல். கடைசி பெஞ்சுக்குக் கேட்குமா என்று எனக்குச் சந்தேகம், ஆனால் பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்கும். அவர் ஒரு நாள் கைப்பையிலிருந்து ஒரு தகட்டை எடுத்து, ஸ்டாஃப் ரூமில் இருந்த பழைய டிவியில் மாட்டிக் காட்டினார். திரையில் ஒரு பந்து குதித்தது. "இதுல என்ன டீச்சர் அதிசயம், டிவின்னா படம் ஓடத்தானே செய்யும்" என்றேன். "அக்கா, இதை ஒம்பதாவது பிள்ளைங்க எழுதினதுக்கா" என்றார். எந்தப் பிள்ளை என்று கேட்டேன். என் மகள் ரூபிணி.

எல்லாப் பிள்ளைக்கும் இது கிடைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பிறகு நான் சும்மா இருப்பேனா? பழைய மாணவிகள் கொஞ்சம் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். டிவிக்கு நான் பொறுப்பு. ஒரு காலத்தில் அரசாங்கம் வீட்டுக்கு வீடு கொடுத்ததே, அந்தக் குண்டு டிவி, எல்லார் வீட்டுப் பரணிலும் தூங்கிக்கொண்டிருந்தது. ஓடுகிற டிவி கொடுத்தால் புது வாளி என்று கடை வாசலில் எழுதிப் போட்டேன். ஒரே வாரத்தில் கடைக்குள் நடக்க இடம் இல்லை. நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினேன். ஒரு அம்மா படமே வராத டிவிக்கு மூடி போட்ட வாளி கேட்டார், அவர் எனக்குச் சொந்தம் வேறு. மூடி இல்லாமல்தான் கொடுத்தேன்.

பச்சைத் தகடு வாங்கத்தான் சென்னைக்குப் போக வேண்டும். யாரை அனுப்புவது என்று ஒரு பேச்சே வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தத் தெரு உங்களுக்குத் தெரிந்திருக்கும். மவுண்ட் ரோட்டுக்குப் பின்னால், ஒயரும் பாட்டரியும் நடைபாதை வரைக்கும் கொட்டிக் கிடக்குமே. அங்கே மாடியில் ஒரு சின்னக் கடை. அந்த ஆளுக்கு முப்பத்தைந்து வயசு இருக்கும். கண்ணாடி, கொஞ்சம் தொப்பை, சிரித்த முகம். சிரித்த முகத்துக்காரனிடம் எப்போதும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நானும் கடையில் சிரித்த முகம்தான்.

டீச்சர் எழுதிக் கொடுத்ததைக் காட்டினேன். கணக்குப் போட்டான்.

"ஆறு போர்டு, ஆறு டப்பா. உங்க காசுக்கு இதான் வரும்."

"டப்பா எதுக்குப்பா?"

"வெறும் போர்டா வெச்சுப் புழங்கக் கூடாதுக்கா. தூசி விழும், கை படும். ஈரம் பட்டுச்சுன்னா அவ்வளவுதான். பசங்க இருக்கிற இடம் வேற."

"தம்பி, நான் என்ன கடை வெச்சிருக்கேன் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"பிளாஸ்டிக் கடை. கடை நெறைய டப்பா வெச்சிருக்கேன். என்கிட்டயே டப்பா விக்கிறியா நீ?"

சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் விடவில்லை. அந்த ஆறு டப்பாவின் விலைக்கும், நான் அடித்து இறக்கிய விலைக்கும் சேர்த்து இன்னும் இரண்டு தகடு வர வேண்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். எட்டு இருந்தால், ஒன்றுக்கு மூன்று பிள்ளை என்று ஒரு வகுப்பே உட்காரலாம். ஆறு என்றால் ஆறு பிள்ளை நின்று வேடிக்கை பார்க்கும். நான் நின்று வேடிக்கை பார்த்து வளர்ந்தவள். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"டப்பா இல்லாம கொண்டு போகாதீங்கக்கா, சொல்றதைக் கேளுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். சொன்னான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விற்கிறவன் எவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கிறான்? நான் சொல்லவில்லையா? "மூடி இல்லாம வாங்காதீங்கக்கா, பல்லி விழுந்தா குடும்பத்துக்கே ஆகாது" என்று சொல்லித்தான் மூடி விற்கிறேன். அதைக் கேட்டுவிட்டு மூடி வேண்டாம் என்று போகிறவளை நான் விட்டுவிடுவதில்லையா? எல்லார் வீட்டிலுமா பல்லி விழுகிறது?

கடைசியாக எழுந்துவிட்டேன். "சரிப்பா, அடுத்த கடை பாத்துக்கறேன்" என்று படி இறங்கினேன். எதற்கு இறங்குகிறோம்? கூப்பிடுவான் என்றுதான். எங்கள் பக்கம் குழந்தைக்குக்கூட அது தெரியும். செருப்பை மெதுவாக மாட்டினேன். தெருவில் இறங்கி, அடுத்த கடைப் பலகையைப் படிக்கிற மாதிரி நின்றேன். கூப்பிட்டான்.

"உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாதுக்கா. எட்டு போர்டு. டப்பா கிடையாது. எடுத்துட்டுப் போங்க."

ஊருக்குத் திரும்பும்போது ரயிலில் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். பக்கத்தில் இருந்த அம்மாவிடம் விழுப்புரம் வரைக்கும் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அந்த ஆள் அன்றைக்குத் தன் சொல்லில் நின்றிருக்க வேண்டும். சரி, விடுங்கள், அதற்கு அப்புறம் வருகிறேன்.

கிளாஸ் தொடங்கியது. பழைய சோதனைக்கூடத்தைக் கழுவிக் கொடுத்தேன். கடையிலிருந்து சோப்பு டப்பா எட்டு, ரோஸ் கலர், மூடி நன்றாகச் சொடக்கென்று மாட்டுகிற ரகம், எடுத்து வந்து, ஆணியைச் சுட வைத்து ஒயர் போக ஓட்டை போட்டேன். தகடு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. "பாத்தீங்களா டீச்சர், இதுக்குப் போய் அவன் தனியா காசு கேட்டான்" என்றேன். டீச்சரும் நல்லா இருக்கு என்றார். பங்குனி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பங்குனி வெயிலில் அந்த ஓட்டுக் கட்டடம் இட்லிக் கொப்பரை மாதிரி ஆனது. சோப்பு டப்பாவுக்குள் தகடு சூடாகி, பிள்ளைகள் எழுதுவது திரையில் நின்று நின்று வந்தது. டீச்சர் ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துவிட்டார்.

"இதுக்குன்னு செஞ்ச டப்பான்னா காத்துப் போக வழி வெச்சிருப்பாங்கக்கா" என்றார்.

"அதுக்கு ரெண்டு மெஷினைத் திருப்பிக் குடுத்திருக்கணும் டீச்சர். சொல்லுங்க, எந்த ஆறு பிள்ளையை எந்திரிச்சு வெளிய போகச் சொல்லட்டும்?"

டீச்சர் அப்புறம் தகடுகளைப் பிள்ளைகள் கை படாமல் இருக்கட்டும் என்று டிவிகளுக்குப் பின்னால், சுவரோரமாக ஒரு பெஞ்சைப் போட்டு வரிசையாக வைத்துவிட்டார். வெறும் தகடு. ஒரு துணி போட்டு மூடக்கூடப் பயம், சூடாகிவிடுமாம்.

ஆனால் பிள்ளைகள் என்னென்ன செய்தார்கள் தெரியுமா? எங்கள் பள்ளிக்கூடத்து மாடித் தொட்டி தினமும் நிரம்பி வழியும். மோட்டார் போட்ட ஆயா எங்கேயாவது பேச்சில் நின்றுவிடுவார். கழிப்பறைப் பக்கம் பூரா சேறு. என் மகளும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து, தொட்டி நிரம்பியதும் கீய் என்று கத்துகிற மாதிரி ஒன்று செய்துவிட்டார்கள். முதல் நாள் கத்தியபோது ஆயா பாம்பைக் கண்ட மாதிரி ஓடினார். தலைமையாசிரியை அம்மா வகுப்பு வகுப்பாக வந்து சொன்னார்கள், இந்தப் பிள்ளைகளுக்குக் கை தட்டுங்கள் என்று. ரூபிணி அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"அம்மா, அதுகிட்ட பேரம் பேச முடியாதும்மா. சொன்னதைச் சொன்ன மாதிரி செய்யும். நாம தப்பாச் சொன்னா தப்பாத்தான் செய்யும். நாமதான் உக்காந்து எங்க தப்புன்னு பாக்கணும்."

"அப்படி ஒரு மெஷினை யாருடி காசு குடுத்து வாங்கினது?" என்றேன்.

"நீதான்" என்று சிரித்தாள். அவள் என் எதிரில் சிரித்துப் பேசியது அப்போதுதான் அதிகம்.

டீ வேண்டுமா? எனக்கும் வேண்டாம். இந்த டீயைக் குடித்தால் நெஞ்சு எரிகிறது. இப்போதே எரிகிறது.

பூஜைக்கு வருகிறேன். சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் கொண்டாட்டம். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும், புழங்குகிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். என் கடையில் தராசு, கால்குலேட்டர், ஷட்டர், ஏணி, என் வண்டி, எதையும் விட மாட்டேன். சோறு போடுகிறதைக் கும்பிடாமல் வேறு எதைக் கும்பிடுவது? பள்ளிக்கூடத்து வகையில் நானே பொறுப்பு. சந்தனக் கட்டையில் நானே இழைத்தேன். பன்னீர் விட்டுக் குழைத்தேன். வெள்ளிக் கிண்ணம், என் சீதனம்.

பிள்ளைகள் ஒரு வேலை செய்து வைத்திருந்தார்கள். எட்டு டிவியிலும் ஒரு குத்துவிளக்கு. அவர்களே எழுதியது. சுடர் ஆடுகிறது தம்பி, நிஜ விளக்கு மாதிரி, காற்றில் சாய்ந்து சாய்ந்து நிமிர்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி ஆட வேண்டும் என்று ரூபிணி இரண்டு நாள் அதற்கே உட்கார்ந்திருக்கிறாள். வெளிச்சம் தெரியட்டும் என்று ஜன்னலையெல்லாம் சாத்தியிருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் திரைக்கு எதிரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் கிண்ணத்தோடு டிவிகளுக்குப் பின்னால் போனேன். டிவிக்கா பொட்டு வைப்பது? டிவி வெறும் கண். மூளை பின்னால் அல்லவா இருக்கிறது. அது எனக்குத் தெரியாதா.

டீச்சர் ஓடி வந்தார். "அக்கா, அது மேல ஈரம் வேண்டாங்கக்கா. பக்கத்துல பெஞ்சுல வெச்சிருங்களேன்."

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை பேர் முன்னால், பூஜை நேரத்தில். ரெஜினா டீச்சர் சர்ச்சுக்குப் போகிறவர். நான் அதைத் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் வாயில் வந்துவிட்டது.

"டீச்சர், உங்க வழி வேற, எங்க வழி வேற. உங்க கோயில்ல வந்து நான் குறுக்க நிக்கிறேனா?"

அவ்வளவுதான். முகம் சின்னதாகிவிட்டது. இரண்டு அடி பின்னால் போய் நின்றுகொண்டார். நீங்களே சொல்லுங்கள், ஈரம் என்றால் என்ன அர்த்தம்? துணி ஈரம், தரை ஈரம், ஆயிரம் ஈரம் இருக்கிறது. கரண்டு ஓடுகிற தகடு, தொட்டால் செத்துப்போகும் என்று உடைத்துச் சொல்லியிருக்கலாம் இல்லையா? படித்தவர்கள் எல்லாவற்றையும் பாதியாகச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள்.

முதல் தகட்டில் நடுவில் ஒரு கருப்புச் சதுரம். அதுதான் நெற்றி என்று வைத்துக்கொண்டேன். அதில் ஒரு பொட்டு, முள் வரிசையில் ஒன்று. அதன் மேல் குங்குமம். கையைக் கூப்பிவிட்டு அடுத்தது. எனக்கு டிவியின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அதற்கு மேலே எதிரில் பிள்ளைகள் முகம் வரிசையாகத் தெரிந்தது. அந்த முகங்களில் இருந்த வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து குறைந்துகொண்டே வந்தது. ஒரு சத்தம் இல்லை. யாரும் இருமக்கூட இல்லை. கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்தி என்று நினைத்தேன்.

"அம்மா" என்றாள் ரூபிணி.

"பூஜை நேரத்துல என்னடி அம்மா."

"அம்மா, போதும்மா."

நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏழாவதோடு சந்தனம் தீர்ந்துவிட்டது. எட்டாவதுக்குக் கும்பிடு மட்டும் போட்டுவிட்டு, சூடத்தை ஏற்றுவதற்காக முன்னால் வந்தேன். அப்போதுதான் பார்த்தேன். ஏழு டிவி இருட்டு. ஓரத்தில் ஒரே ஒரு விளக்கு ஆடிக்கொண்டிருந்தது.

ரெஜினா டீச்சர் மருந்துக் கடையில் ஸ்பிரிட்டு வாங்கி வரச் சொல்லி, காது குடைகிற பஞ்சுக் குச்சியால் ஒவ்வொரு முள்ளாகத் துடைத்துக்கொண்டிருந்தார். பூஜை லீவு பூராவும் துடைத்தார். ஒன்று கூட எழுந்திருக்கவில்லை. டீச்சர் ஏதாவது பேசியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். பேசாமல் துடைக்கிறவரிடம் என்ன பேசுவது?

என்ன கேட்டீர்கள்? யார் மேல் தப்பு என்றா? அதைத்தானே தம்பி திண்டுக்கல்லிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன். டப்பா இருந்திருந்தால் நான் டப்பா மேல் பொட்டு வைத்திருப்பேன். டப்பாவுக்கு என்ன ஆகும்? துடைத்தால் போய்விடும். அந்த ஆள் டப்பாவோடு கொடுத்திருந்தால் இன்றைக்கு எட்டு விளக்கும் எரியும்.

சரி, ஆறு விளக்கு. ஆறு எரிந்திருக்கும்.

இப்போது கேளுங்கள். ஒரே ஒரு மெஷினை வைத்துக்கொண்டு டீச்சர் கிளாஸ் நடத்துகிறார். வகுப்பு முழுக்க அந்த ஒரு டிவியைச் சுற்றி நிற்கிறது. ஆள் மாற்றி ஆள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுதலாம். தலைமையாசிரியை அம்மா என்னைக் கூப்பிட்டார்கள். பதினொன்றாம் வகுப்புக்கு இலவச சைக்கிள் லாரியில் வருகிறதாம், இறக்கி வைக்க இடம் இல்லையாம்.

"அந்த ரூம் சும்மாத்தானே கெடக்கு, தலைவியம்மா."

"சும்மா இல்லீங்க, கிளாஸ் நடக்குது."

"ஒரு டிவி முன்னாடி கூட்டமா நிக்கிறதுக்குப் பேரு கிளாஸா? அரையாண்டு லீவு முடிஞ்சு தொறக்கிற அன்னைக்கு மெஷின் இருந்தா கிளாஸ். இல்லைன்னா சைக்கிள். நானும் எங்கதான் போவேன் சொல்லுங்க."

அவர்களிடமும் ஒரு சுற்றுப் பேசிப் பார்த்தேன். அந்த அம்மா அசையவில்லை. சைக்கிள் ஒரு தடவை உள்ளே போனால் தெரியும் உங்களுக்கு, அந்த அறை அப்புறம் அறை இல்லை. அடுத்த வருஷம் உடைந்த பெஞ்சு வரும். அதற்கு அடுத்த வருஷம் பூட்டு.

அதுகூடப் பரவாயில்லை. போன வாரம் டீச்சர் கடைக்கு வந்தார். வாளி வாங்க வந்த மாதிரி வந்து, வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரூபிணி அவ முறை வந்தா உக்கார மாட்டேங்கிறாக்கா. எந்திரிச்சுப் பின்னாடி போயிடறா. வேற பிள்ளைக்கு விட்டுக் குடுத்துடறா."

"ஏனாம்?"

"நீங்களே கேளுங்க."

கேட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே கேட்டேன். அடுப்படியில் வைத்துக் கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பவே இல்லை.

"மத்த பிள்ளைங்க எழுதட்டும். ஏழு மெஷின் போனது அவங்களுக்கு."

"உனக்கும்தானேடி போச்சு."

"எனக்கு எப்படிப் போகும்? எங்கம்மாதானே வெச்சது."

கத்தினேன். என் காசில் வளர்கிறவள் என்னைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா என்று என்னென்னவோ கத்தினேன். எல்லாம் முடிந்த பிறகு தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டாள். "டீச்சர் சொன்னாங்க, கேக்கலை. நான் சொன்னேன், கேக்கலை. வித்தவரே சொன்னாராமே, கேக்கலை. யாரு சொன்னாத்தாம்மா நீ கேப்ப?"

பதினாலு வயசு. எவ்வளவு வாய் பாருங்கள்.

அதற்கு மறுநாள் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

இருங்கள், முறுக்கு வருகிறது. ஏம்ப்பா, முறுக்கு எப்படி? மணப்பாறைதானா, இல்லை பேருக்கு மணப்பாறையா? ரெண்டு பாக்கெட் எடுத்துக்கறேன், கொசுறா ஒரு சின்னப் பாக்கெட் போடு. போட மாட்டியா? அப்ப விலையைக் குறை. ஏன் குறையாது? இது என்ன தங்கமா? காலையில சுட்டதா நேத்து சுட்டதா யாருக்குத் தெரியும்? வேண்டாம் போ. போப்பா, போ.

போகிறான் பாருங்கள். இப்போது நீங்கள் அவனையே பார்க்காதீர்கள், ஜன்னல் பக்கம் பாருங்கள். அந்தக் கதவு வரைக்கும் போவான், திரும்புவான். எல்லோரும் திரும்புவார்கள்.

திரும்பவில்லையே.

அடுத்த பெட்டிக்குப் போய்விட்டானா? எட்டிப் பாருங்கள். யப்பா, முறுக்கு. இங்க வா. வா வா. ரெண்டு பாக்கெட் குடு. சொன்ன விலையே குடுக்கறேன், குடு. மூஞ்சியைத் தூக்காதே.

எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுங்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான் வாங்கினேன். நன்றாக இருக்கிறது, இல்லையா? மொறுமொறுவென்று, ஒன்றுகூட உடையவில்லை.

இவன் வியாபாரி. பார்த்தீர்களா நின்றதை? தன் சரக்கு என்ன என்று அவனுக்குத் தெரியும். நான் போ என்றேன், போய்விட்டான். எனக்குத்தான் எழுந்து கூப்பிட வேண்டியிருந்தது. அந்த மாடிக் கடைக்காரனுக்கு இது தெரியவில்லை. ஈரம் ஆகாது என்று தெரிந்தவன், பிள்ளைகள் புழங்குகிற இடம் என்று வாயால் சொன்னவன், எப்படிக் கூப்பிட்டான்? ஒரு பொம்பளை படி இறங்கினாள் என்பதற்காகத் தெரிந்ததை விட்டுக்கொடுத்துவிடுவதா? என்னிடம் தோற்கிற ஆட்கள் எனக்கு நிறைய இருக்கிறார்கள். தோற்காத ஒருத்தன் அன்றைக்கு எங்கள் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டான்.

தாம்பரமா? வந்துவிட்டதா? நீங்கள் இங்கேயே இறங்குகிறீர்களா? அந்தப் பையை மட்டும் இந்தப் பக்கம் தள்ளிவிட்டுப் போங்கள், மெதுவாக.

நான் என்ன கேட்கப் போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன், ரயில் நிற்கிறது இன்னும். இந்த டப்பாவை அவன் மேசை மேல் வைப்பேன். மூடியைத் திறந்து, அரிசியைத் தள்ளி, ஏழையும் வெளியே எடுப்பேன். பொட்டுக் கறை இன்னும் இருக்கிறது, பார்க்கட்டும். பார்த்துவிட்டு எனக்கு ஏழு மெஷின் கொடுக்கட்டும். ஓசியில் கேட்கவில்லை. நான் ஓசிக்காரி இல்லை. பள்ளிக்கூடத்துப் பணமும் இல்லை இது, என் கடைப் பணம். ஆனால் ஏழும் டப்பாவோடு. காற்றுப் போகிற டப்பா. அந்த மிஞ்சின ஒன்றுக்கும் சேர்த்து எட்டு டப்பா.

நான் பேரம் பேசுவேன். என்னால் முடியாது தம்பி, பேசாமல் இருக்க என்னால் முடியாது, உங்கள் கண் முன்னால் பார்த்தீர்களே. டப்பா எதற்கு என்று மறுபடியும் கேட்பேன். இரண்டைக் குறைத்துக்கொள் என்பேன். கத்துவேன். கடை நிறைய டப்பா வைத்திருக்கிறேன் என்பேன். எழுந்து படியிறங்கி, செருப்பை மாட்டி, தெருவுக்கே போய் நிற்பேன்.

கூப்பிடக் கூடாது. அவன் செய்ய வேண்டியது அது ஒன்றுதான். டப்பா இல்லாமல் தர முடியாது என்று சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. நான் எவ்வளவு நேரம் தெருவில் நின்றாலும் சரி. நானே படி ஏறி வருகிற வரைக்கும் அந்த ஆள் இந்தத் தடவை நிற்கட்டும்.